விருந்தாளிக்கு மட்டும் சூடு

அஜ்லூன் மலையில் பனி கொட்டிய அந்த மாலையில், குளிர்காய எது மலிவு என்று தன் வீட்டு விருந்தறையில் நான்கு பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் தைசீர். வீட்டின் ஒரே காஸ் ஹீட்டர் அவர்கள் நடுவே செக்கச்செவேலென்று எரிந்தது. குழந்தை பிறந்ததற்கு வாழ்த்த வந்தவர்கள்தான். குழந்தையைப் பற்றிப் பேசத்தான் இன்னும் இடைவெளி கிடைக்கவில்லை.

"கரண்டுன்னா பில்லைப் பார்த்தாலே உடம்பு சூடாயிடும். மண்ணெண்ணெய் விலை கம்மி, ஆனா நாத்தம். காஸ் ஒரு ரூமுக்குத்தான் காணும். வீடு முழுக்கச் சூடு வேணுமா? டீசல்தான்!"

சுவரோரம் நின்ற புது ரேடியேட்டர்களைப் பெருமையாகக் காட்டினார். அவற்றின் தொட்டியில் இதுவரை ஒரு சொட்டு டீசல் விழுந்ததில்லை என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஒலிவப் பிண்ணாக்கை விட்டுட்டியேப்பா," என்றார் பக்கத்து வீட்டு அபூ துர்க்கி. "எரிக்க அதைவிட மலிவு ஏது? என்கிட்ட ரெண்டு மூட்டை கிடக்கு, பழைய அடுப்பும் சும்மா இருக்கு. எடுத்துக்கோ."

"இல்லாதவங்க வீட்டுப் புகை என் வீட்டு மேல கிளம்பினா ஊர் என்ன நினைக்கும்?"

உள்ளறையில் நவால் பச்சைக் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதன் உதடு நீலம் பாரித்திருந்தது. அழுகையும் நின்றுவிட்டது. பாதையைப் பனி மூடிவிட்டதால் ஆஸ்பத்திரிக்கும் வழியில்லை. ஹீட்டரைக் கேட்டு இரண்டு முறை கதவைத் தட்டியாயிற்று. "விருந்தாளிங்க போகட்டும்" என்பதே பதில்.

மூன்றாம் முறை அவள் தட்டவில்லை. குழந்தையோடு விருந்தறைக்குள் வந்தாள். தட்டிலிருந்து ஒரு காபிக் கோப்பையை எடுத்து, குடிக்காமல் கணவர் முன் வைத்தாள். அந்த ஊரில் அதற்கு ஒரு பொருள் உண்டு. குடிக்காமல் கோப்பையை வைக்கும் விருந்தாளிக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை மறுப்பது அந்த வீட்டுக்கே இழிவு.

"ஆம்பளைங்க நடுவுல என்ன நவால் இது?"

"நான் கேக்கல, இவ கேக்குறா. வீட்டுக்கு வந்து பத்து நாள்தானே ஆகுது? இவளும் விருந்தாளிதான். கொஞ்சம் சூடு வேணுமாம்."

அபூ துர்க்கியும் குடிக்காமல் தன் கோப்பையைக் கீழே வைத்தார். மற்ற மூவரும் வைத்தார்கள். தைசீர் மகளின் பாதத்தைத் தொட்டார். பனிக்கட்டி.

ஆண்கள் எழுந்து ஹீட்டரைத் தாய்க்கும் பிள்ளைக்கும் விட்டார்கள். உள்ளறையையும் சூடாக்க அபூ துர்க்கியின் பழைய அடுப்பு வந்தது. பிண்ணாக்குக் கட்டிகளைத் தைசீரே அடுக்கிப் பற்றவைத்தார். வெகு நேரம் கழித்து, விருந்தறையிலிருந்து குழந்தை வீறிட்டது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாக் கணக்கும் போட்டேன் அபூ துர்க்கி, கௌரவத்தை மட்டும் விட்டுட்டேன். அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. பெத்த பிள்ளையையே விறகாக் கேக்குது. இத்தனூண்டு சூடு கூடத் தர்றதில்ல."

ஊர் பார்க்க, அவர் வீட்டு மேல் புகை எழுந்தது.