கடைசி அத்தியாயம் என்னிடம்

"மொதல்ல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க ஐயா. அப்புறம்தான் கடைசி அத்தியாயம்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் எச்சரித்திருந்தார்கள். தார் எஸ் ஸலாமில் துப்பறியும் கதை போடும் பதிப்பகங்கள் நாலைந்துதான். ஓரிடத்தில் திமிர்க்காரி என்று பெயரெடுத்தால், நான் பஸ் பிடித்து அடுத்த இடத்துக்குப் போவதற்குள் அந்தப் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

லுகிண்டோ சிரித்தார். கரியாக்கூவில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் அவர் பதிப்பகம்.

"கொலைகாரன் யாருன்னு தெரியாம நான் எப்படிம்மா புஸ்தகம் போடறது? தலையில்லாத மீனை எவனாவது வாங்குவானா?"

"தலையோட கொடுத்து ஒருதடவை ஏமாந்துட்டேன் ஐயா."

பொய்யில்லை. ஆறு வருடமாக அலைகிறேன். முதல் பதிப்பாளர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரத்தம்? காதல் கதை எழுது" என்றார். இரண்டாமவர் முழுப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்து என் கொலை ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது, வேறொருவன் பெயரில். என் கதையில் துப்பறியும் செகேலா அதில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியாக மாறி, மீசை வேறு வைத்திருந்தாள்.

செகேலா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். படுக்கை விரிப்பில் இருக்கும் கறையைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். என் அம்மா இருபத்தாறு வருடம் செய்த வேலை அது. கறைகளைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அம்மா சொன்னது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தை வைத்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் செகேலா.

அதனால்தான் இந்தமுறை இருபது அத்தியாயம் மட்டும் கொடுத்திருந்தேன். ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்து, முடிச்சை முன்பக்கம் போட்டிருந்தேன். இப்போது லுகிண்டோவின் மேஜையில் கிடந்த பிரதியில் முடிச்சு பின்பக்கம் இருந்தது. படிக்கிறவர்கள் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. நகல் எடுக்கிறவர்கள்தான் பிரிப்பார்கள்.

"நூலை யாரு பிரிச்சது?"

"அதுவா? டீ கொட்டிடுச்சும்மா. பிரிச்சுக் காய வெச்சோம்."

புரட்டிப் பார்த்தேன். ஒரு தாளிலும் கறை இல்லை. கறை விஷயத்தில், அதுவும் என்னிடம்!

நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவர் சட்டென்று இழுவறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். "இந்தா, நீ கேட்ட ஒப்பந்தம். சந்தோஷமா?"

என் பெயர், அத்துகனீலே, எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தது. கேட்கவே கூடாது என்றார்கள். நான் கேட்பதற்கு முன்பே இவர் அடித்து வைத்திருக்கிறார். நிதானமாகப் படித்தேன். அவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"எல்லாரும் நேரா கடைசிப் பக்கத்துக்குத்தான் போவாங்க. நீ என்ன, பரீட்சைக்கா படிக்கற?"

ஒன்பதாவது பத்தியில் இருந்தது. செகேலா என்ற பெயர், அவள் தொழில், அவளை வைத்து இனி எழுதப்படும் எல்லாக் கதைகளும் பதிப்பகத்துக்கே சொந்தம். அவற்றை யாரை வேண்டுமானாலும் எழுதவைத்துக்கொள்ளலாம்.

"யாரை எழுத வெப்பீங்க?"

"அதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்மா. யாரு எழுதப் போறா?"

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஸுபேதா அக்காவின் கை நின்றுபோனது. ஏன் நின்றது? எழுந்து அவள் பின்னால் போனேன். லுகிண்டோ, "ஏய், அங்கே என்ன வேலை?" என்று கத்துவதற்குள் திரையைப் படித்துவிட்டேன்.

செகேலா, இரண்டாம் பாகம். கை நிறைய மருதாணியோடு மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள் என் செகேலா. மாப்பிள்ளை, என் நாவலில் வரும் இன்ஸ்பெக்டர் ம்காயா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் கொடுக்காத இருபத்தோராவது அத்தியாயத்தில் செகேலா விலங்கு மாட்டவைப்பது அந்த ம்காயாவுக்குத்தான். இரண்டு கொலையும் அவன் செய்தது.

"என்னத்துக்குச் சிரிக்கற?" லுகிண்டோவின் குரல் இறங்கியிருந்தது. "சரி, ஒன்பதாவதை அடிச்சிடறேன். உன் பேரைப் பெருசாப் போடறேன். உக்காரும்மா. வேற யாரு உன்னைப் போடுவா?"

ஆறு வருடத்தில் ஒரு பதிப்பாளர் என்னை உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை. கால் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"எடுத்துட்டுப் போ! என்கிட்ட நகல் இருக்கு."

"இருபதுதானே இருக்கு? கல்யாணத்தை நல்லா நடத்துங்க ஐயா."

ஸுபேதா அக்கா என் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடி. யாரு கொன்னதுன்னு எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போ."

"உங்க வாட்ஸப் நம்பரைக் கொடுங்க அக்கா. கேக்கற எல்லாருக்கும் நானே அனுப்பப்போறேன். இன்னிக்கு மொத அத்தியாயம் வரும். அப்புறம் தினம் ஒண்ணு, கடைசி அத்தியாயம் வரைக்கும். என் பேர்லயே."

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். லுகிண்டோ இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே படியிறங்கினேன்.