பேசாமல் எடுத்த அளவு

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது சர்வேயருக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் மாத்திரை வேண்டாம் என்றால் வேறு யாராவது துள்ளிக் குதித்திருப்பார்கள். மனைவி இறந்து ஆறு மாதம். அவள் பழக்கிவிட்டவற்றில் சாப்பாட்டு நேரம் போயிற்று, தூக்கம் போயிற்று. காலை ஏழு மணி பிரஷர் மாத்திரை மட்டும்தான் மிச்சம்.

இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் வீட்டிலேயே அளந்து எழுதி வரச் சொன்னார். நிலம் அளக்கிற கை, ஒரு நாளும் விடவில்லை. ஏறினால் மாத்திரை திரும்பிவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு, நூற்று இருபது. ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

தாளைப் பார்த்த டாக்டரம்மா பழைய தாளையும் எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன், மாத்திரை தொடங்கும் முன், ஒரு நாள்கூட நூற்று நாற்பத்தைந்துக்குக் கீழே இல்லையே, இதே மெஷின்தானா, யார் அளந்தது என்று விசாரித்தார்.

இதே மெஷின்தான். அளந்தது அவள்.

"எப்படி அளந்தீங்க? ஆற அமர உக்காந்தா?"

உட்கார்ந்துதான். பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்திவிட்டு அவள் எதிரே உட்காருவாள். இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிறவர்கள். அந்த ஒரு நிமிஷம்தான் அவன் எழுந்து போக முடியாது. தம்பி கல்யாணம், ஒழுகும் குழாய், முந்தின நாள் சண்டையின் மிச்சம், எல்லாம் அப்போதுதான் கிளம்பும். அவனும் சளைக்காமல் பதில் சொல்வான். "கட்டிப்போட்டாத்தான் உங்களுக்கு வாயே தொறக்குது" என்பாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "பேசிக்கிட்டே அளந்தா பத்து, பதினஞ்சு கூடத்தான் காட்டும். இங்க வந்தா பதட்டத்துல ஏறுதுன்னு வீட்ல அளக்கச் சொன்னேன். பேசக்கூடாதுன்னு சொல்லல. என் தப்புதான்."

"அப்போ எனக்கு பிரஷரே இல்லையா?"

"லேசா இருந்திருக்கலாம். இப்போ இல்ல. மாத்திரை வேணாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. பழையபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டான். தேவையில்லாமல் போட்டால் தலைசுற்றி எங்காவது விழுவீர்கள் என்றார் அவர். வேண்டுமானால் தானே ஒரு தடவை பார்த்துவிடுவதாகச் சொல்லிக் கையை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

பட்டை இறுகியது. ஏதாவது பேசினால் பத்து கூடும். வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை.

காற்று இறங்கியது. நூற்றுப் பதினேழு என்று அவர் எழுதிக்கொண்டார்.