இடப்பக்கம்

அன்று காலை மேசையைச் சுற்றி நான்கு பேர். இடது தோளைச் சுவருக்குக் கொடுத்துத் தையல்காரர் அப்பா. அவருக்கு வலப்பக்கம் அம்மா. எதிரே எலெக்ட்ரிஷியன் அண்ணன். மூலையில், கால் ஆடும் ஸ்டூலில், டாக்டர் மகள். அப்பா வாயில் அவள் பெயர் குண்டூசி. மேசை நடுவே ஒரு படிவம். இதய அறுவை சிகிச்சையா, காது மூக்கு தொண்டையா, எது மேற்படிப்பு என்று எழுதிப் பதினொரு மணித் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

அவள் மனசு என்றோ காதுப் பக்கம் சாய்ந்தாயிற்று. ஆனால் அப்பா முகம் கோணினால் பேனா ஓடாது.

"இதயம்னா நாலு பேர் எழுந்து நிப்பாங்கம்மா," என்றார் அப்பா. "காது மூக்குக்கு யாரு மதிப்பா?"

"மூக்குல பட்டாணி எடுக்கப்படும்னு போர்டு மாட்டலாம்," என்றான் அண்ணன்.

"சும்மா இருடா, ஃபியூஸ் போனவனே!" என்றாள் குண்டூசி.

அப்பாவின் இடது காது கேட்காது. தையல் மிஷின் இரைச்சலில் போனது, இனி வராது என்று அவரே தீர்ப்பெழுதி, வீட்டு நாற்காலிகளையெல்லாம் தன் வலப்பக்கம் போட்டுவிட்டார். டாக்டரிடம் போனதே இல்லை.

அவள் ஸ்டூலோடு வந்து, அவரை நகர்த்தி, சுவர்ப் பக்கம் செருகி உட்கார்ந்தாள். பையிலிருந்து, தட்டினால் ரீங்கரிக்கும் இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டி, அதன் அடியை அவர் நெற்றி நடுவில் வைத்தாள்.

"எந்தக் காதுல பெருசாக் கேக்குது?"

அப்பா கண்ணை மூடித் திறந்தார். "மறுபடி தட்டு."

தட்டினாள்.

"இடதுலதான்," என்றார், திருடிப் பிடிபட்டவர்போல. "அது செத்த காதாச்சே?"

"சாகலைப்பா. மிஷின் சத்தத்துல நரம்பு போயிருந்தா வலதுல கேட்டிருக்கும். நரம்பு நல்லாத்தான் இருக்கு, வழியிலதான் தடங்கல். உள்ளே ஒரு குட்டி எலும்பு இறுகியிருக்கலாம். எங்க பெரிய டாக்டரம்மா பார்க்கட்டும். அதுதான்னா, எடுத்துட்டு வேற வைக்கலாம்."

"எத்தனை பெருசு?" தையல்காரருக்கு அளவு முக்கியம்.

"குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெருசு."

அப்பா தன் விரல்களைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை.

"ஊசி வேலைன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? எழுதும்மா."

"அப்போ நான் திட்டுறது இனி ரெண்டு பக்கமும் கேக்குமா?" என்றாள் அம்மா.

"அதைத்தான் யோசிக்கிறேன்."

எழுதி முடித்ததும், துணி மடிப்பை நீவுவதுபோல் உறையின் வாயை அப்பாவே நகத்தால் நீவி ஒட்டினார். இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். அவள் அவருடைய இடப்பக்கமாகவே போனாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் கடிதம் தபால்பெட்டிக்குள் விழுந்தது.