ஸகோராவின் வலது பக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, திகனயில் உள்ள ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் மூன்று ஆம்பிளைகள் ஒரு ஃபோனுக்கு மேலே தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். மூவரில் ஒருவரிடமும் கார் இல்லை. கடைக்காரர் ஹபீல் நானாவிடம் சாமான் ஏற்றும் பழைய லொறி ஒன்று. பஹ்மியிடம் ஸ்கூல் வான். கண்டியில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருக்கும் மயில்வாகனம் சேரிடம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள். ஃபோனில் இருந்தது ஸகோரா. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு உடம்பு முழுவதையும் மாற்றி, வருகிற புதன்கிழமை ஜப்பான்காரன் திரை விலக்கிக் காட்டப்போகும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்.

"பின்னுக்கு லைட்டு வட்டமாத்தான் வரும். வட்டம் இல்லாட்டி அது ஸகோராவே இல்ல," என்றான் பஹ்மி.

"உது விசர்க் கதை. ஸ்டிக்கருக்குக் கீழ நீட்டு லைட் தெரியுது. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப்போட்டு வடிவாப் பாரும்," என்றார் மயில்வாகனம் சேர்.

"வாங்கப் போற ஆக்கள் மாதிரித்தான் சண்ட புடிக்கிற," என்று ஹபீல் நானா சிரித்தார். "வரி கட்டவே ரெண்டு பேர்ட வீட்டயும் விக்கோணும். தங்கச்சி, நீங்க சொல்லுங்க. வட்டமா, நீட்டா?"

"நீட்டு," என்றேன், தலையைத் தூக்காமல். கதை அதோடு முடிந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் இப்படிச் சொல்லியிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

அந்தக் கடையில் என் வேலை பில் எழுதுவதும், வரும் சாமான்களைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றுவதும். பேராதனையில் புவியியல் படித்துவிட்டு செய்கிற வேலை இது. எங்கள் வம்சத்தில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய பிறகு பதினொரு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். எனக்கு முன்னால் என் விலாசம் போய் உட்கார்ந்துகொள்ளும். மஹியாவை, மாநகரசபை லைன். அதை வாசிக்கிற கண் ஒரு தரம் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு ஏறும். துடைப்பக்கட்டையைத் தேடுகிற பார்வை. அப்பா அழகர் கண்டி வாவிக்கரையைக் கூட்டுகிறார், அம்மா வடிவம்மா சந்தைப் பக்கம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

கார் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பிடித்தது கோடு. வெளிவராத காரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது அதன் உருவம் தெரியாமலிருக்க, உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுருள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதைத் தூரத்திலிருந்து படம் பிடித்துப் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று மாதக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் வருஷம் முழுக்க நான் சமவுயரக்கோடு வாசித்தவள். கோடு நெருங்கினால் சரிவு, விலகினால் சமதரை. கடுகண்ணாவை மலையைக் காகிதத்தில் பார்த்தே எங்கே மூச்சு வாங்கும் என்று சொல்வேன். ஸ்டிக்கரும் அதேதான். உடம்பு மடிகிற இடத்தில் சுருளும் மடியும். படத்தைப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, மேலே ட்ரேசிங் தாளை வைத்து, மடிப்புகளை மட்டும் மையால் இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் பொனட்டும் ஹெட்லைட்டும் பஃபரும் எழுந்து வந்தன.

ஹபீல் நானாவுக்கு 'மலைநாட்டு மோட்டார்' என்று ஒரு ஃபேஸ்புக் பேஜ் இருக்கிறது. பதினோராயிரம் பேர். என் படத்தை அதில் போட்டார். இரண்டு நாளில் நாலாயிரம் பேர் ஷெயார் செய்தார்கள். 'ஹபீல் பொஸ், கை இல்ல, மெஷின்' என்று ஒருவன் எழுதியிருந்தான். படத்தின் கீழ் மூலையில் நான் பொடி எழுத்தில் போட்டிருந்த என் பெயரைக் காணவில்லை.

கேட்டேன். நான் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"பேஜுக்கு ஒரு பேர் ஈக்குதானே தங்கச்சி," என்றார். "ஒவ்வொருத்தர்ட பேரையும் போடப் போனா படத்த எங்க போடுற?"

"அப்ப எம் பேர வெட்டுன எடத்துல ஒங்க ஃபோன் நம்பர் எப்புடி வந்துச்சு நானா?"

பஹ்மி இருமினான். ஹபீல் நானா கெட்ட மனுஷர் இல்லை. நோன்பு மாசத்தில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி எடுத்து வைப்பவர், மழை நாளில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஷட்டர் இழுப்பவர். வெட்டும்போது அது ஒருத்தியின் பெயர் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புதுப் படம் ஒன்று வெளிவந்தது. பெற்றோல் ஷெட்டில் நிற்கும் ஸகோரா, முன்பக்கமாக, பக்கத்துக் கதவும் தெரிய. இந்தத் தடவை அமெரிக்காவுக்கு மட்டும்தான் செய்கிறார்கள், இடது பக்க ஸ்டியரிங்கில்தான் வரும் என்று அதுவரை பேச்சு. படத்தில் ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. நம்முடைய பக்கம். அன்றைக்கு ஹபீல் நானாவின் மனைவி றமீஸா மைனி வீட்டிலிருந்து வட்டிலப்பம் அனுப்பிவைத்தார். வாங்கவே முடியாத கார் நம் பக்கத்து ஸ்டியரிங்கில் வருகிறது என்பதற்காக ஒரு கடையே இனிப்புத் தின்றது. நானும் தின்றேன்.

அந்தப் படத்தைத்தான் நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். ஒரு பொட்டு விடவில்லை. பொனட்டின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்த காற்று வாய், முன் கண்ணாடி மூலையில் இருந்த ஏதோ ஒரு கிறுக்கல் வரை இழுத்தேன். வரைந்து முடித்து, மூலையில் எழுதவில்லை. கதவுக்குக் குறுக்கே, உடம்பின் வளைவோடு சேர்த்து, பெரிதாக எழுதினேன்: அழகர் சுந்தரி. வெட்டினால் கதவு போகும்.

ஹபீல் நானா நீண்ட நேரம் பார்த்தார். "வெட்டேலாத எடமாப் பாத்து எழுதீக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு அப்படியே ஏற்றினார்.

இந்தத் தடவை பன்னிரண்டாயிரம் ஷெயார். லைன் வீட்டில் யாரோ அப்பாவிடம் ஃபோனில் காட்டியிருக்கிறார்கள். "எம்பேர இதுவரைக்கும் கூலிக்குப் பேர் போடுற செக்ரோல்லதான் பாத்திருக்கேன். அந்தக் காரு கண்டிக்கு வந்தா நாந்தான் கழுவணும்போல," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டார், அது அழியாத மையா என்று.

கொழும்பில் மோட்டார் சஞ்சிகை நடத்தும் ஸக்கியா என்பவர் எனக்கு நேராகவே எழுதினார். வெளிவரும் கார்களை வரைய அவர்களுக்கு ஆள் வேண்டுமாம். 'புதன்கிழமை முடியட்டும். நீங்க கீறினதுக்குக் கிட்ட வந்திச்செண்டா எங்கட ஒஃபிஸ்ல உங்களுக்கு ஒரு கதிரை இருக்கு.' அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் என் விலாசம் கேட்கவில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை, மூன்று பேரும் லைட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, நான் அதே தாளைப் புதன்கிழமைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று ஹபீல் நானாவுக்கு ஆசை. நிழல் தீட்ட வேண்டியிருந்தது. ட்ரேசிங் தாளில் நிழலைப் பின்பக்கத்தில்தான் பென்சிலால் தேய்ப்பது. அப்போதுதான் முன்னால் இருக்கும் மைக்கோடு கலங்காது. கம்பஸில் கற்றுக்கொண்டது. தாளைத் திருப்பிப் போட்டேன்.

கண்ணாடி மூலையில் இருந்த கிறுக்கல் என்னைப் பார்த்தது. நாற்பத்தேழு.

அந்தக் கிறுக்கலைப் பற்றி மயில்வாகனம் சேர் பேஜில் ஒரு பக்கக் கட்டுரையே எழுதியிருந்தார். ரேடார் சென்சர் என்று. சென்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டிப் பார்க்கும் காருக்கு ஒட்டுகிற இலக்கம். திருப்பிப் பார்த்தால்தான் இலக்கம். அப்படியென்றால் அந்தப் படத்தையே யாரோ இடம் வலம் மாற்றிப் புரட்டித்தான் போட்டிருக்கிறான். ஸ்டியரிங் இடது பக்கம். காற்று வாய் மற்றப் பக்கம். இடதில் ஸ்டியரிங் இருந்திருந்தால் எங்கள் கண்ணுக்கு உறுத்தியிருக்கும், துருவிப் பார்த்திருப்போம். வலதில் இருந்ததால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

ஒரு நிமிஷம் தாளை மறுபடி நேராகத் திருப்பி வைத்தேன். கிறுக்கல் கிறுக்கலாகவே இருந்தது. யாருக்கும் தெரியாது.

"நானா, இங்க வாங்க," என்றேன்.

மூன்று பேரும் வந்தார்கள். காட்டினேன். பஹ்மிதான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப அந்த வட்டிலப்பம்?"

"பேசாம இரும் ஐசே," என்றார் மயில்வாகனம் சேர். அவருடைய சென்சர் செத்துப்போன வருத்தம் அவருக்கு. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "பிள்ளை, இன்னும் ஒருத்தரும் காணேல்லை. விடும். புதன்கிழமை அவங்கள் காட்டேக்க, படம் பிழையெண்டு எல்லாரும் சேந்து ஏமாந்ததாப் போகும். இப்ப நீராச் சொன்னீரெண்டா உம்மைத்தான் பிடிச்சுச் சிரிப்பினம். பொம்பிளைக்கு வலம் இடம் தெரியாதெண்டுவாங்கள்."

"கொழும்பு வேல ஈக்குதானே," என்றார் ஹபீல் நானா. "அத யோசிங்க. வேணுமெண்டா நான் பேஜ்ல இருந்து மெதுவாத் தூக்கிடுறன். பேரும் போகும், பிழையும் போகும்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். பேரும் போகும் என்று எவ்வளவு லேசாகச் சொன்னார்.

"தூக்க வேணாம் நானா. நீங்க வெட்டுனப்ப நான் என்ன கேட்டேன்? இது நான் கீறினதுன்னு சொல்லத்தானே கேட்டேன். நல்லா வந்தா நான் கீறினது, பெழையா வந்தா பேஜ் கீறினதா?"

ஃபோனை எடுத்துப் பேஜுக்கு எழுதினேன். நீட்டவில்லை. 'நான் வரைந்த படம் பிழை. மூலப் படம் புரட்டப்பட்டது. கண்ணாடியில் உள்ள 47ஐப் பாருங்கள். ஸ்டியரிங் இடது பக்கம்.' ஸக்கியாவுக்கும் அதையே அனுப்ப எடுத்து வைத்தேன். சரியான படத்தையும் சேர்க்க வேண்டும். புதிதாக வரையத் தேவையில்லை. தாளைத் திருப்பி, வெளிச்சம் வர, ரோட்டைப் பார்த்த கண்ணாடியில் நாலு மூலைக்கும் டேப் ஒட்டினேன்.

ஸகோரா சரியாக நின்றது. காற்று வாய் இருக்க வேண்டிய பக்கத்தில், ஸ்டியரிங் இருக்க வேண்டிய பக்கத்தில், நாற்பத்தேழு நாற்பத்தேழாக. கதவில் மட்டும் என் பெயர் புரண்டு கிடந்தது. அப்பாவின் பெயர் கடைசியில் போய், எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு.

"தங்கச்சி, பேர் பொரண்டு நிக்கிதே," என்றார் ஹபீல் நானா. இந்தத் தடவை அவர்தான் முதலில் பார்த்தார். "அழிச்சிட்டு நேரா எழுதுங்களன். நான் பாத்துக்கிட்டு நிக்கிறன்."

"அழியாத மை நானா."

ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடிக்கு அப்பால், கண்டி பஸ்ஸுக்காகக் குடையோடு நின்ற ஒரு அம்மா திரும்பி, கிட்டே வந்து பார்த்தார். அவருடைய பக்கத்தில் கார் பிழை, எழுத்து நேர். மெல்லிய தாளுக்குப் பின்னால் அவருடைய முகம் மங்கலாக, கதவு இருக்கிற இடத்தில், உதடு எழுத்துக்கு எழுத்து அசைந்துகொண்டிருந்தது. அவர் வாசித்து முடிக்கும் வரை நான் படம் பிடிக்கவில்லை.