படி திரும்பும் இடம்

என் கணவர் பேருந்து ஓட்டுநர். கண்ணாலேயே அளப்பவர். எவ்வளவு குறுகலான சந்தானாலும் பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிராய்ப்பில்லாமல் வண்டியைத் திருப்பிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டையும் கட்டினார். வரைபடம் இல்லை, அனுமதி இல்லை. மேஸ்திரியை நிற்க வைத்து, குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். கூடம் அகலமாக வேண்டுமென்று மாடிப்படியை ஒடுக்கினார். மேஸ்திரி தலையைச் சொறிந்தபோது, "பஸ்ஸையே திருப்புறவன்யா நான். என்னை நானே திருப்பிக்க மாட்டேனா?" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சொல்லிப் பார்த்தார். "அனுமதி வாங்கிட்டுக் கட்டுங்க தம்பி. படி இவ்வளவு அகலம், பக்கத்துல இவ்வளவு இடம்னு அவங்க கேக்கறது நம்ம நல்லதுக்குத்தான்."

"காத்துக்கும் இடம் விடணுமாக்கா? அது எப்படியும் பூந்து வந்துடும்" என்றார் இவர். கொத்தனார்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா வீட்டு ஜன்னலை ஒட்டி எங்கள் சுவர் எழுந்த பிறகு, அக்கா எங்களிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பல வருடம் கழித்து ஒரு மதியம், வேலை முடிந்து வந்தவர் மாடி அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் அது இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள். அவரால் உட்கார முடியவில்லை.

"எந்தப் புண்ணியவான் இந்தப் படிக்கு பிளான் போட்டது?" என்று முன்னால் பிடித்திருந்தவர் பல்லைக் கடித்தார்.

"நான்தான் தம்பி" என்றார் என் கணவர், கண்ணைத் திறக்காமல்.

அப்போதுதான் அக்காவின் குரல் அவர்கள் மொட்டைமாடியிலிருந்து கேட்டது. "மேல கொண்டாங்க. எங்க வீட்டு வழியா இறக்கிடலாம்."

மாடி அறையை ஒட்டிய எங்கள் மொட்டைமாடிக்குத் திரும்பத் தூக்கிப்போனோம். இரண்டு வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த இடைவெளிக்கு மேலாக அவரைக் கைமாற்றினோம். அவர்கள் படியில் ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல் இறங்கியது.

அவர்கள் கூடத்தில் பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே எங்கள் சுவர். எங்கள் பக்கம் வழவழவென்று வெள்ளையடித்த அதே சுவர். இந்தப் பக்கம், கை நுழைய இடமில்லாததால், பூசப்படவே இல்லை. செங்கல் இடுக்குகளில் பிதுங்கிய கலவை அப்படியே காய்ந்து தொங்கியது. இத்தனை காலமாக இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். என் கணவரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா..."

"பேசாதீங்க தம்பி. மூச்சை வச்சுக்கோங்க."

ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், ரோட்டில் நெரிசல், அதனால்தான் தாமதம் என்றேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஓட்டுநர்கள்.

"மதியத்துல அந்த ரூட்டு காலியால்ல கிடக்கும்?" என்றார் ஒருவர்.

"அன்னைக்கு நெரிசல்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா. எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொழுந்தனார் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் தலையெழுத்து அண்ணி. என் வீட்டுக்கு அடுத்த மாசம் கடக்கால் தோண்டறோம். அண்ணன்தான் வந்து கோடு போட்டுக் கொடுத்துட்டுப் போனார். மேஸ்திரி அனுமதி கினுமதின்னு இழுத்தான். எங்க அண்ணன் கண்ணு தப்பாதுடான்னுட்டேன்."

"படி எப்படி தம்பி?"

"அச்சு அசல் இந்த வீட்டுப் படிதான்."

அவருக்கும் மனைவி இருக்கிறாள். அவள் என் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ரோட்ல நெரிசலே இல்ல" என்றேன். "உங்க அண்ணன் மாட்டிக்கிட்டது இந்தப் படியில. அக்கா வீட்டு வழியாத்தான் இறக்கினோம். நேரம் அதுலயே போயிடுச்சு."

கேள்வி கேட்ட ஓட்டுநர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். கொழுந்தனார் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணன் மானத்தை வாங்காதீங்க அண்ணி" என்றார்.

"போய்ப் பாருங்க. இரும்பு உரசின தடம் அப்படியே இருக்கு."

எழுந்து போனார். படி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பக்கம் திரும்பின, பிறகு மறுபக்கம் திரும்பின. இறங்கி வரவில்லை.

அக்கா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.