செத்தவள் சேலையில் ஒரு கழுதை

1944 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உடையார்பாளையம் தாலுகாவில், ஆண்டிமடத்துக்கு மேற்கே நான்கு மைலில் இருக்கும் சவேரியூர் கோயிலில், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான உருவங்களை ஊராரே செய்து தரவேண்டும் என்று பூசை முடிந்ததும் அறிவிக்கப்பட்டது.

பழைய உருவங்கள் மரத்தால் ஆனவை. கறையான் தின்றுவிட்டது. யுத்த காலத்தில் சீமையிலிருந்து வேறு தருவிக்க வழியில்லை. பங்குச் சாமியாருக்குப் பதினோரு ஊர்கள்; அறிவித்த கையோடு வண்டியேறிவிட்டார். வேலையைப் பிரித்துக் கொடுத்தவர், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். மாதா, சூசையப்பர், பாலன் மூன்றும் குயவர் வீட்டுக்கு. ஓலையில் சிறகு வைத்த சம்மனசுகள் பனையேறிகளுக்கு. மாடு, நிலபுலன் உள்ள மேலத்தெருவுக்கு. கழுதை, வண்ணார் இன்னாசி வீட்டுக்கு.

"ஊருல கழுதை வெச்சிருக்கிறது நீ ஒருத்தன்தான். அதப் பாத்தே செஞ்சுரு" என்றார் உபதேசியார்.

இன்னாசி தலையைச் சொறிந்தான். அவன் மனைவி சலேத்தம்மாள்தான் "செஞ்சுர்றோம்ங்க" என்றாள்.

மூங்கில் சிம்பால் கூடு கட்டி, உள்ளே வைக்கோலை அடைத்தாள். மேலே போர்த்தத் துணி வேண்டும். அந்த வருஷம் கடையில் துணி கிடைக்கவில்லை. கந்தலைக்கூட யாரும் எறியவில்லை. அவளிடம் முழுசாக இருந்தது ஒரே சேலை. மேலத்தெரு நாட்டாமை சந்தியாகுவின் தாயார் ஆவணியில் இறந்தபோது அவர் உடம்பில் கிடந்த வெள்ளைச் சேலை. செத்தவர் மேலிருக்கும் துணி வண்ணாருக்குச் சேரும் என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

கடுக்காயையும் இரும்புத் துருவையும் ஊறவைத்துச் சேலையைத் தோய்த்தாள். கழுதை நிறம் அப்படியே வந்தது. காதுகள் தொங்கித் தொங்கி விழுந்தன. கெட்டிக் கஞ்சி போட்டு மூன்றாம் தடவை நிற்கவைத்தாள். கடைசியாக, துணிக்குக் குறிபோடும் சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு, தன் கழுதைக்கு இருப்பதுபோலவே முதுகு நீளத்துக்கு ஒரு கோடும் தோளுக்குக் குறுக்கே ஒரு கோடும் இழுத்தாள். முதுகில் சிலுவை. கர்த்தரைச் சுமந்ததால் வந்தது என்று அவள் அப்பன் சொல்லியிருக்கிறான்.

சேங்கொட்டைக் குறி துணி கிழிந்தாலும் போகாது. தினமும் அதைப் போடுகிறவள் அவள். ஆனாலும் சேலை முந்தியில் இருந்த நாட்டாமை வீட்டுக் குறி, ஒரு கோடும் அதன்கீழ் இரண்டு புள்ளியும், சாயத்துக்குள் அமுங்கிவிடும் என்று நினைத்துவிட்டாள். அந்த முந்தியைக் கழுதையின் வயிற்றுப் பக்கம் வைத்துத் தைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை குடிலில் உருவங்களை வைத்தார்கள். கழுதையைச் சுற்றித்தான் கூட்டம்.

"அவுத்து வுட்டா ஓடிப்போயிரும் போலருக்கேடி!"

"இன்னாசிய விட லட்சணமா இருக்கு."

இன்னாசியும் சேர்ந்து சிரித்தான். சலேத்தம்மாளுக்குச் சிரிப்பு முகம் கொள்ளவில்லை. அந்த ஊரில் அவள் கைப்பட்ட ஒன்றை நாலு பேர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாட்டாமையின் மனைவி அருளாயி வந்து முழங்காலிட்டாள். முழங்காலிட்டதும் கழுதையின் வயிறு கண்ணுக்கு நேரே வந்தது. சிலுவை போட்டுக்கொள்ள எடுத்த கை நெற்றியிலேயே நின்றது.

"இது எங்க வூட்டுக் குறி! ஐயோ, எங்க அத்த சேலை!"

நாட்டாமை சந்தியாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

"எங்காத்தா சேலையில கழுதையாடி பண்ணுன?"

"இது உங்காத்தா சேலை இல்லீங்க. என் சேலை. செத்தவுங்க துணி வண்ணாத்திக்குன்னு ஊர்தான மொறை வெச்சுது?"

"கட்டிக்கத்தான் குடுத்தது. கழுதைக்குப் போத்தவா குடுத்தோம்?"

"குடுத்தீங்களா?" சலேத்தம்மாளின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரு கையால குடுத்தீங்க? வாசல்ல கெடந்துச்சு. உங்க வூட்டம்மா வெளக்குமாத்தால தள்ளி வுட்டாங்க. நாந்தான் குனிஞ்சு எடுத்தேன். பத்து நாளு படுக்கையில கெடந்த ஒடம்புத் துணி. அந்த நாத்தத்த நாந்தான் தொட்டு அலசுனேன். அன்னைக்கு உங்காத்தா சேலைன்னு ஒருத்தரும் கேட்டு வரலியே!"

"வாய மூடு சலேத்தம்மா" என்று உபதேசியார் நடுவில் புகுந்தார். "நாட்டாமைங்க, கோவப்படாதீங்க. கழுதையக் குடிலுக்குப் பின்னால தள்ளிரலாம். பாலனுக்குப் பக்கத்துல உங்க தெருவுலேருந்தே இன்னொரு மாடு வெச்சுருவோம்."

"ஏன், பாலன் பொறந்தப்ப மாடு மட்டுந்தான் மூச்சு வுட்டுச்சா? போன வாரம் நீங்கதான சொன்னீங்க, மாடு ஒரு பக்கம் கழுதை ஒரு பக்கம் நின்னு குளிருக்குச் சூடு குடுத்துச்சுன்னு? ஏரோது ராசாவுக்குப் பயந்து மாதா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்களே, எது மேல போனாங்க? நாட்டாமை வூட்டு மாட்டு மேலயா?"

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

சந்தியாகு கழுதையின் காதைப் பிடித்து இழுத்தார். கஞ்சி போட்ட காது கையோடு பிய்ந்து வந்தது. வைக்கோல் பாலன் மேல் சிந்தியது. அவர் காதைக் கீழே எறிந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், விரல் விரலாக.

அவர் கட்டியிருந்த வேட்டி, துடைத்த துண்டு எல்லாமே சலேத்தம்மாள் வெளுத்தது. அவள் கழுதையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் இன்னாசி கெஞ்சினான். "வுடு புள்ள. அறுப்புக்கு நெல்லு அளக்கறவுங்க. ராச்சோறு போடறவுங்க."

"சோறுதான? வாசலுக்கு வெளியில நின்னு சட்டிய நீட்டி நீ வாங்கிட்டு வா. நான் இனிமே நீட்டல."

திருநாளுக்கு மேலத்தெரு இருபத்திரண்டு வீட்டுத் துணியும் வெள்ளாவியில் வெந்து, அலசுவதற்காகக் காத்துக் கிடந்தது. துணித் தட்டுப்பாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் நல்ல துணி அது ஒன்றுதான். சலேத்தம்மாள் பீடத்துத் துணியையும் சாமியார் அங்கியையும் மட்டும் தனியே எடுத்து வைத்தாள். மற்றதை அலசாமல், உவர்மண் நாற்றத்தோடு மூட்டை கட்டித் தங்கள் கழுதைமேல் ஏற்றிக்கொண்டுபோய், நாட்டாமை வீட்டு வாசலில் தள்ளினாள்.

அருளாயி ஓடிவந்தாள். "ஏண்டி! கோயிலுக்கு எதக் கட்டிக்கிட்டுப் போறது?"

"அலசிக் கட்டிக்கங்க. உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல."

"ஊரு சும்மா வுடாதுடி!"

"வுட வேணாம்னு சொல்லுங்க."

மறுநாள் மதியம் சாமியார் வந்தார். முதலில் நாட்டாமையிடம் பேசினார். பிறகு சலேத்தம்மாளைக் கோயில் வாசலுக்கு அழைத்துவரச் சொன்னார். அவள் அலசி மடித்த பீடத்துத் துணியோடு வந்து நின்றாள்.

"உம் பக்கந்தாம்மா நியாயம். எனக்குத் தெரியுது" என்றார். "ஆனா ஊரு ரெண்டாப் போச்சுன்னா நான் யாருக்குப் பூசை வெக்கிறது? மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு. இந்த ஒரு வருஷம் விட்டுக்குடு."

"எந்த வருஷம் சாமி நாங்க விட்டுக்குடுக்கல?"

அவளுக்காக வேண்டிக்கொள்வதாகச் சாமியார் சொன்னார். அவள் துணியை அவர் கையில் கொடுக்காமல், படியில் வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்து பிறப்பன்று குடிலில் பாலனுக்கு இரு பக்கமும் மாடுகள் நின்றன. மேலத்தெருவில் பாதிப் பேர் பழந்துணியோடு பூசைக்கு வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் இன்னாசியும் சலேத்தம்மாளும் ஊரைவிட்டுப் போய் அரியலூர் ரயிலடிப் பக்கம் குடியேறினார்கள். பிப்ரவரியில் நாட்டாமை சந்தியாகு செந்துறைப் பக்கத்திலிருந்து வேறொரு வண்ணார் குடும்பத்தைக் கொண்டுவந்து அவர்கள் இருந்த வீட்டில் வைத்தார்.