பதினான்காம் வண்டியின் தூரம்

"மூணு செகண்டு!" மேலாளர் கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? பதினோரு மணிக்கு மாத்தணும், அப்புறம் மேலிடத்து ஆளு பார்க்க வர்றாரு. ஒரு செகண்டுக்குள்ள வரலைன்னா மூட்டையைக் கட்டிர வேண்டியதுதான். நீயும்தான், நானும்தான்."

மணி பத்து நாற்பது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு பெண்கள் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மூலை மேசையில், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், கணினி நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அழைப்பு வந்ததும் நாற்பது வண்டிகளில் எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டும். கேட்க என்னவோ சின்ன வேலைதான். ஒவ்வொரு வண்டியும் பக்கத்துச் சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அதன் கருவி அனுப்பும். அங்கிருந்து தெருத் தெருவாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நகரத்தில் தெருக்களுக்கா பஞ்சம்!

போன வாரம் பதினோரு விநாடி எடுத்தது. தெருப் பட்டியலின் வாலில் ஒவ்வொரு தெருவையும் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டும்போதெல்லாம், அவள் நிரல் எழுதிய மொழி பழைய பட்டியலைத் தொடாமல் முழுதாகப் புதுப் பிரதி எடுக்கும். தலையில் சேர்த்துக் கடைசியில் ஒரே தடவை திருப்பிப் போட்டதும் மூன்றுக்கு இறங்கியது. அதற்குமேல் மசியவில்லை. காரணமும் தெரியும். இது இன்ன வகை என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லாத மொழி அது. எண்ணோ எழுத்தோ, வந்ததை வாங்கி, ஒவ்வொரு கூட்டலுக்கும் முன்னால் "நீ யாரு?" என்று விசாரிக்கும். கோடிக் கூட்டல்களுக்குக் கோடி விசாரணை.

விசாரணையை நிறுத்த ஒரு வழி இருந்தது. இங்கே வருவதெல்லாம் முழு எண்தான், நான் பொறுப்பு, நீ பார்க்காதே என்று மேலே ஒரு வரி எழுதிவிட வேண்டும். அது பொய்யாகிவிட்டால் நிரல் நின்றுபோகாது, கத்தாது, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் பதிவைத் திறந்து பார்த்தாள். முப்பத்தொன்பதும் முழு எண்கள்தான். பழுதுபார்க்கப் போயிருந்த பதினான்காம் வண்டி மட்டும் பட்டியலில் இல்லை. அது அவள் அண்ணன் ஓட்டுவது. அதுவும் அப்படித்தானே இருக்கும் என்று அந்த வரியை எழுதினாள்.

அரை விநாடி.

மேலாளர் கைதட்டியே விட்டார். பதினோரு மணிக்குப் புது நிரலுக்கு மாற்றினார்கள். பத்து அழைப்புகள் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயின. பதினோராவதாக ஒரு பெரியவர், மனைவிக்கு நெஞ்சு வலி என்றார். திரை பதினான்கைக் காட்டியது, அனுப்பினார்கள். அண்ணன் வண்டி பழுது தீர்ந்து ஓட வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

நான்கு நிமிடம் கழித்து அவள் கைப்பேசி அடித்தது.

"ஏய் பாப்பா, என்னை எதுக்கு அனுப்புன?" வண்டியின் சைரனுக்கு மேலே கத்தினான் அண்ணன். "நான் ஆத்துக்கு இந்தப் பக்கம் கிடக்குறேன். பாலம் முழுக்க நெரிசல். அந்த வீட்டுலேருந்து நாலு தெரு தள்ளி ஒன்பதாம் நம்பர் சும்மா நிக்குதாமே!"

"அண்ணா, வண்டியில புதுசா எதாச்சும் மாட்டினாங்களா?"

"கருவியை மாத்திக் குடுத்தாங்க. புள்ளி வெச்சு மீட்டரைக்கூடத் துல்லியமா காட்டுது. ஏன்?"

புள்ளி வைத்தது முழு எண் இல்லை; பதினான்கின் தூரத்தை நிரல் வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கிறது. அவள் எழுந்து, பெரியவரோடு பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அக்கா, ஒன்பதை அனுப்புங்க! உடனே!" என்று அலறினாள்.

மேலாளர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வண்டிதானே? அதை மட்டும் கழட்டி விட்டுரு. மேலிடத்து ஆளு கீழே வந்தாச்சு."

"இன்னும் எத்தனை வண்டியில மாத்தப் போறாங்க, உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்குத் தெரியாது. காலையிலயும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வரியை அழித்தாள். திரை பழைய மூன்று விநாடிக்குத் திரும்பியது. மேலாளர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அந்த அக்காவுக்கு அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. தன் ஹெட்செட்டைக் கழற்றி இவள் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த இன்னொன்றை எடுத்தாள். "இந்தா, விட்டுராம பேசு."

"அம்மா, இருக்கீங்களா?" பெரியவரின் குரல். "வண்டி எந்தப் பக்கமா வருது? நான் தெருமுனைக்குப் போய்க் கை காட்டட்டுமா, இல்ல இவ பக்கத்துலயே இருக்கட்டுமா?"

திரையில் ஒன்பது இரண்டு தெரு தள்ளி வந்துகொண்டிருந்தது.

"பக்கத்துலயே இருங்க ஐயா. கதவை மட்டும் திறந்து வைங்க."

தாழ்ப்பாள் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு நாற்காலியைத் தரையில் உரச இழுத்து, எதற்கோ வெகு அருகில் போடும் ஓசை.